கட்டக்கோரையால் நீரிலுள்ள செம்பைப் பிடிப்பது எப்படி?

குரோம்பேட்டையின் பெயரிலேயே ஓர் உலோகம் இருக்கிறது. குரோமியத்தால் தோல் பதனிடும் தொழில் தந்த பெயர் அது. இருந்தாலும் பாசியால் உலோகத்தைப் பிடிக்கும் முதல் சோதனைக்குச் செம்பையே எடுங்கள். அது அகல்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வேண்டிய பாசி சர்காசம். மன்னார் வளைகுடாக் கரையில் கட்டக்கோரை என்பார்கள். ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரிலிருந்து உலர்ந்ததை வரவழைத்தேன். இந்தப் பழுப்புப் பாசியின் செல் சுவரில் ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் இருக்கிறது. அதிலுள்ள கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதிகள் கால்சியத்தை விட்டுவிட்டுச் செம்பைப் பற்றிக்கொள்ளும். செத்த பாசிக்கும் இந்தக் குணம் உண்டு.

1. உப்பும் மணலும் போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, ரவைப் பதத்தில் பொடியுங்கள்.

2. 200 மில்லி நீரில் 4 கிராம் கால்சியம் குளோரைடைக் கரைத்து, 10 கிராம் பொடியை ஓர் இரவு ஊறவைத்து, அலசி உலர்த்துங்கள். அவசரத்தில் இதை நான் விட்டுவிட்டேன். பாசியின் சாறு இறங்கி நீர் தேநீர் நிறமானது. செம்பின் நீலம் தெரியவே இல்லை.

3. ஒரு லிட்டர் பேட்டரி தண்ணீரில் 0.4 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரையுங்கள். லிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் செம்பு கிடைக்கும். குழாய் நீர் வேண்டாம். அதன் காரத்தன்மையால் செம்பு தானாகவே படிந்துவிடும், பாசிதான் பிடித்தது என்று ஏமாந்துபோவீர்கள்.

4. இரண்டு கண்ணாடி டம்ளர்களில் 200 மில்லி வீதம் ஊற்றி, ஒன்றில் மட்டும் 1 கிராம் பொடி போடுங்கள். அவ்வப்போது கலக்கி, இரண்டு மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள்.

5. கையுறை அணிந்து, ஜன்னல் ஓரத்தில், இரண்டிலும் ஒரே அளவு அம்மோனியாக் கரைசலைச் சொட்டுங்கள். வெள்ளைத் தாள்மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். பாசி படாத நீர் நல்ல நீலமாகும். மற்றதில் நீலம் எவ்வளவு வெளிறியிருக்கிறதோ, அவ்வளவு செம்பு பாசிக்குப் போயிருக்கிறது.

தெளிந்துவிட்டதே என்று அந்த நீரைக் குடிக்கவே கூடாது. குரோமியத்துக்கும் இதே முறை போதும் என்று நினைக்காதீர்கள். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் எதிர்மின் அயனியாக இருப்பதால், நல்ல அமில நீரில்தான் பாசியிடம் பிடிபடும்.

பாசி செம்பை அழிப்பதில்லை, தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆகவே அந்தப் பொடியைச் செடிக்கு உரமாகப் போடாதீர்கள், கழிவுநீர்த் தொட்டியிலும் கொட்டாதீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் செம்பு கரைசலுக்குத் திரும்பும், பொடியும் மறுபடி உதவும். அந்தக் கரைசலையும் சோதித்த நீரையும் பெயர் எழுதிய பாட்டிலில் சேர்த்து, கல்லூரி ஆய்வகத்தின் வேதிக்கழிவோடு ஒப்படையுங்கள்.