குளியல் பொடி முதல் கடலை மிட்டாய் வரை: வீட்டில் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் பக்கத்து மொட்டை மாடிகளில் வத்தலோடு சேர்ந்து ஆவாரம்பூவும் ரோஜா இதழும் காயத் தொடங்கிவிடும். கடைச் சோப்பும் ஷாம்பூவும் விற்கிற விலையைப் பார்த்துவிட்டு குளியல் பொடி, சீயக்காய்த்தூள், தலைக்கு எண்ணெய், பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் என்று வீட்டிலேயே செய்ய இறங்குகிறவர்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே வருகிறார்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் அவர்கள் கொண்டுவந்து காட்டும் டப்பாவைத் திறந்தால், ஆரம்பத்தில் நான் எதையெல்லாம் செய்து பொருளை வீணாக்கினேனோ அதெல்லாம் அப்படியே இருக்கிறது.

கை கழுவுங்கள், பாத்திரத்தைத் துடையுங்கள் என்பதெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

காய்ந்தும் காயாததை அரைப்பது

நிறையச் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. செய்தவர்மேல் அல்ல, இத்தனை நல்ல பொருள் குப்பைக்குப் போகிறதே என்று.

போன ஐப்பசியில் பக்கத்துத் தெருப் பெண் ஒருவர், தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் குளியல் பொடி கொடுக்க ஆசைப்பட்டார். நாட்டு மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலுமாகச் சேர்த்து ஐந்து கிலோவுக்குப் பொருள் வாங்கினார். நடுநடுவே மழை. வெயில் அடித்தால் மாடியில், மேகம் கூடினால் ஹாலில் ஃபேனுக்கு அடியில் என்று மாற்றி மாற்றிக் காயவைத்தார். "பூவெல்லாம் கையில் எடுத்தாலே நொறுங்குது அக்கா, மெஷினுக்குக் கொடுத்துரட்டுமா?" என்று கேட்டார். "பூவை விடும்மா, கிழங்கை உடைச்சுப் பார்த்தியா?" என்று கேட்டேன். உடைக்கவில்லை. தீபாவளி நெருங்கிவிட்டதால் மறுநாளே அரைத்தும் விட்டார். கார்த்திகை முடிவதற்குள் பொடி கட்டி கட்டியாகிவிட்டது. ஒரு கட்டியை உடைத்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம், முகர்ந்தால் ஈர மண் வாடை. வாங்கிப்போன வீடுகளிலிருந்தும் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். காசு போனது ஒரு பக்கம். "வீட்டில் செய்ததென்றால் இப்படித்தான்" என்று நான்கு வீட்டில் பேச்சு வந்ததே, அதுதான் அவருக்கு வலித்தது.

நடந்தது இதுதான். ரோஜா இதழும் ஆவாரம்பூவும் மெல்லியவை, சீக்கிரம் காய்ந்துவிடும். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு மூன்றும் கிழங்கு. மேல்தோல் கட்டையாக இருக்கும்போதே நடுவில் ஈரம் ஒளிந்திருக்கும். ஆரஞ்சுத் தோலும் அப்படித்தான், உள்பக்க வெள்ளை ஈரத்தை விடாது. எல்லாவற்றையும் ஒரே துணியில் கொட்டிக் காயவைத்தால், பூ நொறுங்குவதைப் பார்த்து மொத்தமும் காய்ந்துவிட்டதாக நினைத்துவிடுவோம். அரைத்தபின் கிழங்கிலிருந்த ஈரம் பொடி முழுக்கப் பரவிவிடும்.

அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காயவையுங்கள், தனித்தனியாகச் சோதியுங்கள். பாசிப்பயற்றைக் கடித்தால் நறுக்கென்று இரண்டாக உடைய வேண்டும். பல்லில் அமுங்கினால் காயவில்லை. ஆரஞ்சுத் தோலை மடக்கினால் டக்கென்று ஒடிய வேண்டும், தோல்வார்போல வளையக்கூடாது. கஸ்தூரி மஞ்சளைத் துணியில் சுற்றி அம்மிக் குழவியால் ஒரு போடு போடுங்கள். கல்லாகத் தெறித்தால் சரி. நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கித்தான் காயவைக்க வேண்டும். நீளமாகப் போட்டால் மெஷினில் சுற்றிக்கொள்ளும், மில்காரர் திட்டுவார், அது நியாயமும்கூட. ரோஜா இதழ் மட்டும் நிழலில் காயட்டும், வெயிலில் நிறமும் மணமும் போய்விடும். அரைக்கக் கொண்டுபோகும் அன்று காலையில் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் வெயிலில் காட்டி, சூடு ஆறியதும் பையில் கட்டுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. மில்லிலிருந்து வரும் பொடி கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அப்படியே டப்பாவில் கொட்டி மூடினால் ஆவி மூடியில் நீராகக் கோத்து, பொடியிலேயே சொட்டும். பெரிய தாம்பாளத்திலோ வெள்ளை வேட்டியிலோ பரப்பி, அவ்வப்போது கையால் கிளறி, அடியில் விரல் விட்டால் சில்லென்று இருக்கும்வரை ஆறவிடுங்கள். ஃபேன் போடாதீர்கள், பாதிப் பொடி பறந்துவிடும். ஆறியபின் சலித்து, துளி ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலிலோ எவர்சில்வர் டப்பாவிலோ நிரப்புங்கள். புழக்கத்துக்கு ஒரு சின்ன டப்பா மட்டும் குளியலறையில் இருக்கட்டும். பெரியது அடுக்களை அலமாரியை விட்டு நகரக்கூடாது.

மழைக்காலத்தில் பொடி தீர்ந்துவிட்டால்? பாசிப்பயறு ஒரு பங்கை வெறும் வாணலியில் சிறு தீயில் கை பொறுக்கும் சூடு வரும்வரை புரட்டி, ஆறவைத்து, மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். அதில் கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள்தூள் கலந்தால் தை பிறக்கும்வரை ஓட்டிவிடலாம். பூவும் கிழங்கும் பங்குனி, சித்திரை வெயிலுக்குக் காத்திருக்கட்டும். பூஞ்சணம் பிடித்த பொடியைச் சலித்து, மறுபடி காயவைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. கண்ணுக்குத் தெரியும் கட்டியை எடுத்துவிட்டாலும் பூஞ்சை மொத்தப் பொடியிலும் இருக்கும், அரிப்பும் தடிப்பும் வரும். செடி மண்ணில் புதைத்துவிடுங்கள்.

மிளகாய் அரைத்த மெஷினில் அரைப்பது

சீயக்காய்க்கென்று தனி மெஷின் இருக்கிற மில்லாகப் பாருங்கள். இல்லையென்றால் மஞ்சளோ கோதுமையோ அரைத்தபின் கொடுங்கள். மிளகாய்க்குப் பின் கொடுத்த பொடியைத் தேய்த்துக் குளித்தவர் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஊற்ற ஊற்ற எரிந்தது. நம் பொருளுக்கு முன்னால் இரண்டு கைப்பிடி பச்சரிசியை அரைத்து மெஷினைக் கழுவிவிடுவது எப்போதும் நல்லது. சீயக்காயோடு பூந்திக்கொட்டை சேர்ப்பவர்கள் விதையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் கொடுக்க வேண்டும். அந்த விதை இரும்புக்குச் சமம்.

மொத்தமாகச் செய்தால் லாபம் என்று நினைப்பது

பொருள் வாங்குவதில் லாபம் உண்டு. வைத்திருப்பதில் இல்லை. நான்கு பேர் வீட்டுக்கு முதல் தடவை அரைக் கிலோ பாசிப்பயறு, 100 கிராம் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ரோஜா, ஆவாரம்பூ ஒவ்வொன்றும் 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம் போதும். தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்தபின் அளவைக் கூட்டுங்கள். முழங்கை மடிப்பில் குழைத்துத் தடவிக் கழுவிவிட்டு, ஒரு நாள் பொறுத்துப் பார்க்காமல் முகத்தில் போடாதீர்கள்.

எலுமிச்சையை முகத்தில் தேய்ப்பது

வேண்டாம். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஏறக்குறைய 2, நம் தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டியது. எரிச்சல் அதனாலேயே வரும். எலுமிச்சை வகைகளில் இருக்கும் சில பொருள்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைப் புண்ணாக்கி, மாதக்கணக்கில் போகாத கருந்திட்டை விட்டுப்போகும். கறுப்பைப் போக்கப் போய்க் கறுப்பை வாங்கி வருவதற்கு எதற்குச் செலவு? சமையல் சோடாவும் அப்படித்தான், அது எதிர்ப்பக்கம் இழுக்கிறது. சாற்றை ரசத்தில் பிழியுங்கள், சோடா பலகாரத்தோடு இருக்கட்டும்.

கற்றாழையை வெட்டியதும் பூசுவது

வெட்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு பால் வடியும். அரிப்பைக் கொடுப்பது அதுதான். மடலைக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, தோலைச் சீவி, சோற்றை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள்.

அரைத்த விழுதை ஃபிரிட்ஜில் சேர்த்துவைப்பது

தண்ணீர் பட்டதெல்லாம் அன்றைக்கே தீர வேண்டும். அரிசி கழுவிய தண்ணீரும் சேர்த்தி.

பச்சை இலையை எண்ணெயில் போட்டு மூடுவது

இதிலும் வில்லன் ஈரம்தான். கறிவேப்பிலை, செம்பருத்தி, கரிசலாங்கண்ணி மூன்றையும் கழுவிய கையோடு தேங்காய் எண்ணெயில் போட்டு, நிறம் பச்சையாக இறங்கியதும் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். மூன்று வாரத்தில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது, அடியில் கொழகொழவென்று ஏதோ படிகிறது. நிறத்தைப் பார்த்து இறக்காதீர்கள், சத்தத்தைக் கேட்டு இறக்குங்கள். இலையில் தண்ணீர் இருக்கும்வரை அது ஆவியாகி எண்ணெயைச் சலசலக்க வைக்கும், நுரை பொங்கும். சிறு தீயிலேயே வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சலசலப்பு அடங்கி, நுரை மறைந்து, இலை மொறுமொறுவென்று ஆகும். அடுப்பை அணைக்க வேண்டிய நேரம் அதுதான். அதற்குமேல் விட்டால் இலை கருகிப் புகைந்த வாடை வந்துவிடும்.

இன்னும் நல்ல வழி, இலைகளைத் தண்ணீர் விடாமல் அரைத்துச் சின்னச் சின்ன வடையாகத் தட்டி, நிழலில் நன்றாகக் காயவைத்து எண்ணெயில் போடுவது. அந்தக் காலத்துப் பெண்கள் கரிசலாங்கண்ணியை இப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். ஒரு தடவை மெனக்கெட்டால் ஆறு மாதத்துக்கு வடை கையில் இருக்கும், வேண்டும்போது இரண்டைப் போட்டுக்கொள்ளலாம்.

முடி கொட்டுவது திடீரென்று அதிகமானால் எண்ணெயை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள்.

கடலை மிட்டாய்: பாகு வருவதற்கு முன் இறக்குவது

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர் மிட்டாயைக் கடித்தால் கடக்கென்று உடையும். வீட்டில் செய்கிறவர்களுக்குப் பல்லில் இழுக்கிறது என்றால், பாதகம் பாகில் நடந்திருக்கிறது.

இரண்டு கப் வறுத்துத் தோல் நீக்கிய கடலைக்கு ஒரு கப் வெல்லம். வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டிவிட்டு (மண் இருக்கும், சோம்பல்படாதீர்கள்) மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலில் கரையும். அப்புறம் விரலில் மெத்தென்று உருளும். அதிரசத்துக்கு அது சரி, இதற்குப் போதாது. எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும், விரலால் ஒடித்தால் கண்ணாடியாக முறிய வேண்டும். அந்த நொடியில் அடுப்பை அணைத்து, ஏலக்காய், சுக்கு, கடலை போட்டுக் கிளறி, நெய் தடவிய பலகையில் கொட்டித் தேய்த்து, சூட்டோடு கோடு போட்டுவிட வேண்டும். ஆறினபின் கத்தி இறங்காது.

வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆறியதும் இறுக மூடிவைக்காவிட்டால் மழை நாளில் ஒரே இரவில் பிசுபிசுத்துவிடும்.

கடலை விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சுருங்கியது, கறுத்தது, கசப்பது, பூஞ்சணம் தட்டியது எல்லாவற்றையும் வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறிந்துவிடுங்கள். ஈரத்தில் கிடந்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உருவாகும். வறுத்தாலும் அது முழுசாகப் போகாது. குழந்தைகள் தின்பது.

அழகான பாட்டில், அச்சு, வாசனை எண்ணெய் வாங்கிக் குவிப்பது

வீட்டில் காலியான ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். ஊறுகாய் பாட்டில் மட்டும் வேண்டாம், வாடை போகாது.

பச்சிளம் குழந்தைக்குப் போட்டுப் பார்ப்பது

குழந்தை மருத்துவரைக் கேட்காமல் எதுவும் கூடாது. தேன் கலந்த தின்பண்டம் ஒரு வயதுவரை வேண்டவே வேண்டாம்.

சொட்டும் கையோடு டப்பாவைத் திறப்பது

குளிக்கப் போகும்முன் காய்ந்த கரண்டியால் வேண்டிய அளவை ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுங்கள்.