லாந்தனம் தாமிர ஆக்சைடு: காந்தத்தையும் மின்தடையையும் குழப்ப வேண்டாம்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. மோனசைட்டில் லாந்தனம் இருக்கிறது. 1986இல் இயற்பியலாளர்கள் பெட்நோர்ஸும் முல்லரும் உயர்வெப்பநிலை மீக்கடத்தலை (மின்தடை முற்றிலும் மறையும் நிலையை) கண்டது லாந்தனம், பேரியம், தாமிரம் சேர்ந்த ஆக்சைடில்தான். அதனாலேயே நாகர்கோவில் பக்கத்து முதுகலை மாணவர்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்த லாந்தனம் தாமிர ஆக்சைடை ஆய்வுக்கு எடுத்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் ஆய்வேடுகளில் சில தவறுகள் விடாமல் தொடர்கின்றன.

தவறு தராசிலேயே தொடங்குகிறது. மூலப்பொருளான லாந்தனம் ஆக்சைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஹைட்ராக்சைடாக மாறிவிடும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், திறந்த புட்டியிலிருந்து அப்படியே எடுத்து நிறுத்தால் லாந்தனம் குறைந்துபோகும். உலையில் 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு, ஈரம் புகாத கலனில் ஆறவைத்து, உடனே நிறுக்க வேண்டும்.

லாந்தனத்துக்குப் பதில் ஸ்ட்ரான்ஷியம் கலந்தால் துளைகள், அதாவது மின்னோட்டத்தைச் சுமக்கும் எலக்ட்ரான் வெற்றிடங்கள், உண்டாகும். ஆனால் "ஸ்ட்ரான்ஷியம் சேர்க்கவில்லை, எனவே துளைகள் இல்லை" என்று எழுதுவதும் தவறு. கூடுதலாக நுழையும் ஓர் ஆக்சிஜன் அணு இரண்டு துளைகள் வரை தரும். தூய பொருளில் சுமார் 325 கெல்வினில் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்கு (அடுத்தடுத்த தாமிர அணுக்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக அமைவது) தொடங்கும்; அந்த வெப்பநிலை இதனால் கீழே இறங்கிவிடும். ஆர்கானில் சூடேற்றி அந்த ஆக்சிஜனை வெளியேற்றலாம். காந்த ஏற்புத்திறன் (காந்தப்புலத்தில் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு) வரைபடத்தில் வரும் கூர்முனை எந்த வெப்பநிலையில் இருக்கிறது என்று பார்த்தால், வெளியேறியதா என்பது தெரிந்துவிடும்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று: "காந்த ஒழுங்கு இருக்கிறது, ஆகவே மின்காப்பு" என்ற முடிவு. கலப்பில்லாத பொருள் மின்காப்பாக இருப்பதற்குக் காரணம், ஒரே தாமிர அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் சேர்வதைத் தடுக்கும் வலுவான விலக்குவிசை. ஒழுங்கு குலையும் வெப்பநிலையைத் தாண்டினாலும் அது உலோகமாகிவிடுவதில்லை. மறுபுறம், ஒரு தாமிர அணுவுக்கு 0.01 என்ற அளவில் ஸ்ட்ரான்ஷியம் கலந்த நல்ல ஒற்றைப் படிகத்தில், தாமிர-ஆக்சிஜன் தளத்தின் மின்தடை குளிரக் குளிர உலோகத்தைப்போலக் குறைகிறது. காந்த ஒழுங்கு அமையும் வெப்பநிலையைக் கடக்கும்போதும் அதில் முறிவு தெரிவதில்லை. இன்னும் குளிர்ந்த பிறகே துளைகள் சிறைப்பட்டு மின்தடை ஏறுகிறது.

அழுத்திச் சுட்ட வில்லையில் இதைத் தேடினால் கிடைக்காது. தளத்துக்குக் குறுக்கே மின்தடை பன்மடங்கு அதிகம். வில்லையில் எல்லாத் திசைகளும் கலந்து, துகள் எல்லைகளின் தடையும் சேர்ந்துகொள்ளும்.

ஒழுங்கு போனதும் மீக்கடத்தல் வந்துவிடும் என்பதும் சரியல்ல. நீண்டதூர ஒழுங்கு 0.02 கலப்பிலேயே மறைகிறது. மீக்கடத்தல் தொடங்குவதோ சுமார் 0.055இல். இடையில் இருப்பது தற்சுழற்சிகள் (எலக்ட்ரான்களின் நுண்காந்தங்கள்) ஒழுங்கின்றி உறைந்த நிலை.

குறைந்த வெப்பநிலையில் ஏறும் மின்தடையை வெப்பநிலையின் தலைகீழிக்கு எதிரே வரைந்து, ஆற்றல் இடைவெளி என்று ஓர் எண்ணைத் தரவும் வேண்டாம். துளைகள் இடம்விட்டு இடம் தாவும் பொருளில், தலைகீழியின் நான்காம் மூலத்துக்கு எதிரே மின்தடையின் மடக்கையை வரைந்து பாருங்கள்.