நெளிந்த ஹாண்டிலை நிமிர்த்துவதற்கு முன்

விழுந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்திப் பார்த்தால் சில்லு ஒரு பக்கம், ஹாண்டில் இன்னொரு பக்கம் நிற்கும். உடனே "நெளிஞ்சு போச்சு, புதுசு போடவேணும்" என்று கடைக்கு உருட்டிக்கொண்டு போய்விடுகிறோம். பல நேரம் அது நெளிந்திருக்காது, திரும்பித்தான் இருக்கும். ஹாண்டில் கழுத்தின் மேலே நீள ஆணி உள்ள சைக்கிள் என்றால், அதை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, தலையில் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு விட்டுக்கொடுக்கும். முன்சில்லை முழங்கால்களுக்கு நடுவே பிடித்தபடி ஹாண்டிலை நேராக்கி இறுக்கினால் சரி.

உண்மையிலேயே நெளிந்திருந்தால், இரும்பா அலுமினியமா என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு. இரும்பு ஹாண்டிலின் நுனி கொஞ்சம் வளைந்திருந்தால், குழாயில் மடிப்பு விழாதவரை, ஒரு தடவை நிமிர்த்தலாம். அதே இடம் மறுபடி வளைந்தால் மாற்றிவிடுங்கள். நெருப்பில் காய்ச்சி நிமிர்த்த விடாதீர்கள். மேற்பூச்சு போய்க் கறள் பிடிக்கும். அலுமினியத்தை ஒரு தடவைகூட நிமிர்த்தக் கூடாது. பார்வைக்கு நேராக வரும், ஆனால் வளைந்த இடத்தில் வெடிப்புத் தொடங்கியிருக்கும்.

பெரிய தவறு வெல்டிங்கை நம்புவது. முத்தையன்கட்டுப் பக்கம் எங்கள் அயலில் ஓர் அண்ணை, வெயில் காலத்தில் 20 லீற்றர் கான் இரண்டை ஹாண்டிலின் இரு பக்கமும் கொழுவித்தான் தண்ணீர் கொண்டுவருவார். 40 கிலோ, அதுவும் கிரவல் ரோட்டில். ஹாண்டில் ஒருமுறை வெடித்து ஒட்டுப் போட்டிருந்தார். ஒரு நாள் அது முறிந்தே போனது. ஒட்டு அப்படியே இருந்தது. அதிலிருந்து ஒரு விரல் தள்ளித்தான் முறிவு. நான் எடுத்துப் பார்த்தேன். முறிந்த வாயில் பாதி கறள் நிறம், பாதி வெள்ளி மாதிரி மினுங்கியது. பாதி வெடிப்பு பல நாளாகவே இருந்திருக்கிறது, மிச்சம்தான் அன்றைக்கு விட்டது. மெல்லிய குழாயில் வெல்டிங் சூடு பட்ட இடம் பலம் குறைந்துவிடும். அண்ணைக்கு முழங்கையும் தாடையும் உரசியதோடு போனது. A9 வீதியில் பின்னால் டிப்பர் வந்திருந்தால்?

ஹாண்டில் பெரும்பாலும் கிளிப் பிடிக்கும் நடு இடத்தில்தான் வெடிக்கும். அந்த இடம் மூடியே கிடப்பதால் யாரும் பார்ப்பதில்லை. விழுந்த பிறகு கிளிப்பைக் கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்கினால் மாற்றவேண்டியதுதான். ஓடும்போது அங்கே கிறீச் என்று சத்தம் கேட்டாலும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

புதியது வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். நடுத்தடிப்பு சிலதில் 25.4 மில்லிமீற்றர், சிலதில் 31.8. பொருந்தாததற்குத் தகரம் வைத்து இறுக்கினால் பிரேக் பிடிக்கும்போது ஹாண்டில் சுழலும். கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பியால் இழுக்கும் பிரேக் உள்ள பழைய சைக்கிளுக்கு அதற்குரிய ஹாண்டிலையே கேளுங்கள்.

பிள்ளைகளின் சைக்கிளில் நுனி றப்பர் தேய்ந்து குழாய் வாய் வெளியே தெரிந்தால், அன்றைக்கே புதிய றப்பர் போடுங்கள். விழும்போது அந்த வட்ட விளிம்பு வயிற்றில் குத்தும்.