இச்சிமோகு மேகத்தைக் கொண்டு டாலர்–யென் வர்த்தகத்தை முடிவு செய்வது எப்படி?

சந்தை விலையின் போக்கை வரைபடத்தில் கோடுகளாகக் காட்டும் முறை ஒன்றின் பெயரான இச்சிமோகு கின்கோ ஹியோ என்ற ஜப்பானியத் தொடருக்கு ‘ஒரே பார்வையில் புலப்படும் சமநிலை வரைபடம்’ என்று பொருள் சொல்லலாம். இச்சிமோகு சஞ்ஜின் என்ற புனைபெயரில் எழுதிய கோய்ச்சி ஹொசோடா என்னும் பத்திரிகையாளர் 1930களில் இம்முறையை உருவாக்கத் தொடங்கி, பல ஆண்டுகள் சோதித்த பின்னர் 1960களின் இறுதியில் நூலாக வெளியிட்டார். பெயர் அப்படி இருந்தாலும், முதன்முறை பார்ப்பவருக்கு ஐந்து கோடுகளும் ஒரு நிழற்பட்டையும் சிக்கிக்கொண்ட நூல்கண்டு போலத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு கோட்டையும் ஒருமுறையாவது கையால் கணக்கிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு டாலருக்கு எத்தனை யென் என்று காட்டும் டாலர்–யென் தினசரி வரைபடத்தில் கடந்த 9 நாள்களின் உச்ச விலை 151.20, தாழ்ந்த விலை 148.80 என்று வைத்துக்கொள்வோம். இவற்றின் நடுப்புள்ளியான 150.00 தான் டென்கன் கோடு. 26 நாள்களின் உச்சம் 152.40, தாழ்வு 146.80 எனில், கிஜுன் கோடு 149.60. இவ்விரண்டின் சராசரியான 149.80 சென்கோ ‘ஏ’ கோடாகும். 52 நாள்களின் உச்சம் 152.40, தாழ்வு 143.60 எனில், அவற்றின் நடுப்புள்ளியான 148.00 சென்கோ ‘பி’ கோடாகும். ‘ஏ’, ‘பி’ இரண்டுக்கும் இடைப்பட்ட நிழற்பட்டையே குமோ, அதாவது மேகம். இவை முடிவு விலைகளின் (ஒவ்வொரு நாளின் கடைசி விலைகளின்) நகரும் சராசரிகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய உச்சமோ புதிய தாழ்வோ ஏற்படாமலும் பழையவை கணக்கிலிருந்து விலகாமலும் இருக்கும்வரை இக்கோடுகள் கிடையாகவே நீளும். கிஜுன் கோடு அவ்வாறு நெடுநாள் கிடையாகக் கிடந்தால், சந்தைக்கு இன்னும் திசை பிறக்கவில்லை என்று கொள்ளலாம்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது அடுத்த படியில்தான். இன்று கணக்கிட்ட மேகம் இன்றைய விலையின்மேல் வரையப்படுவதில்லை. 26 நாள்கள் முன்னால் தள்ளி, வரைபடத்தின் வலப்பக்க வெற்றிடத்தில் வரையப்படுகிறது. எனவே இன்றைய விலையை 26 நாள்களுக்கு முன் கணக்கிடப்பட்ட மேகத்தோடுதான் ஒப்பிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 146.90 முதல் 148.30 வரை என்றும், இன்றைய விலை 150.60 என்றும் கொண்டால், விலை மேகத்துக்கு மேலே இருக்கிறது. ஐந்தாவதான சிக்கோ கோடு இதற்கு நேர்மாறானது: இன்றைய முடிவு விலையை 26 நாள்கள் பின்னுக்குத் தள்ளி வரைவது. அன்றைய விலை 147.50 ஆக இருந்திருந்தால் சிக்கோ அதற்கு மேலே நிற்கும். வாங்குவோர் கை ஓங்கியிருக்கிறது என்பதற்கு அது சான்று. சில மென்பொருள்கள் இன்றைய நாளையும் சேர்த்து எண்ணுவதால் கோடுகள் ஒரு நாள் விலகித் தெரியலாம். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

முடிவெடுக்கும்போது முதலில் மேகத்தைப் பார்க்க வேண்டும். விலை மேகத்துக்கு மேலே இருந்தால் வாங்குவதை மட்டும், கீழே இருந்தால் விற்பதை மட்டும் கருதலாம். மேகத்துக்குள் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதே சரி. என் கணிப்பில் இம்முறையின் பெரும் பயன் இந்தத் தடையில்தான் இருக்கிறது. அதன் பின்னரே டென்கன் கிஜுனைக் கீழிருந்து மேலாகக் கடந்திருக்கிறதா, சிக்கோ பழைய விலைகளைவிட உயரத்தில் இருக்கிறதா, முன்னால் வரையப்பட்ட மேகத்தில் ‘ஏ’ கோடு ‘பி’க்கு மேலே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேகத்துக்குள்ளோ மேகத்துக்குக் கீழேயோ நிகழும் கடப்பை நம்பி வாங்குவது, பக்கவாட்டில் அலையும் சந்தையில் மீண்டும் மீண்டும் சிறு நட்டங்களையே தரும்.

மேகம் தாமதமாகத்தான் பேசும் என்பதற்கு 2024 நல்ல எடுத்துக்காட்டு. அவ்வாண்டு ஜூலை 3 அன்று ஒரு டாலர் ஏறத்தாழ 162 யென்னை எட்டியது. அந்த மாதத்தின் கடைசி வாரங்களில் விலை 154 அளவில் தினசரி மேகத்துக்குக் கீழே வந்துவிட்டது; 31ஆம் தேதி அந்நாட்டு மத்திய வங்கியான ஜப்பான் வங்கி கொள்கை வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 5 அன்று விலை 142க்கும் கீழே சென்றது. உச்சத்திலிருந்து முதல் எட்டு யென் சரிவை மேகத்தை நம்பி விற்றவர் தவறவிட்டிருப்பார். அதற்கடுத்த பெரும் பகுதி அவருக்குக் கிடைத்திருக்கும். வங்கி முடிவு வெளிவரும் நாளில் எந்தக் கோடும் துணைக்கு வராது என்பதால், அன்று புதிதாக நுழையாமல் இருப்பது மேல்.

நுழையும் முன்பே வெளியேறும் விலையைக் குறித்துவிட வேண்டும். 150.60இல் வாங்குபவர் கிஜுனுக்குச் சற்றுக் கீழே, 149.40இல், ஸ்டாப் லாஸ் (விலை அங்கே இறங்கினால் தானாகவே விற்று வெளியேறும் ஆணை) வைக்கலாம், இடைவெளி 1.20 யென். முதலீடு 5,000 டாலர், ஒரு வர்த்தகத்தில் இழக்கத் துணிவது 1 சதவீதம், அதாவது 50 டாலர் எனில், ஒவ்வொரு 1,000 டாலருக்கும் நட்டம் 1,200 யென், ஏறத்தாழ 8 டாலர். ஆகவே முதலீட்டைவிட அதிகமாக வாங்கத் தரகர் கடன் வசதி தந்தாலும், 6,000 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. விலை ஏறினால் ஸ்டாப் லாஸைக் கிஜுனோடு சேர்த்து உயர்த்திக்கொண்டே போகலாம். தினசரி முடிவு விலை கிஜுனுக்குக் கீழே அமைந்தால், மேகம் இன்னும் கீழே இருந்தாலும் வெளியேறிவிட வேண்டும்.