பறவைத் தீனியில் நாம் செய்யும் தவறுகள்: கோழி முதல் கூண்டுக்கிளி வரை

கோழி எலிக்குஞ்சைப் பிடித்து விழுங்கும். பல்லி, தவளை, சிறு பாம்பு எது கிடைத்தாலும் விடாது. கூண்டுக்குள் இருக்கும் லவ் பேர்ட்ஸ் (பட்ஜெரிகர் என்ற சிறு கிளி), கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைத் துணை என்று எண்ணி, தின்ற இரையைக் கக்கி அதற்கு ஊட்டப் பார்க்கும். புறாவின் தீனிப்பையில் பால் போன்ற ஒன்று சுரக்கும். தாய் தந்தை இரண்டுமே அதைக் குஞ்சுக்கு ஊட்டும். பறவை வளர்க்கத் தொடங்கியவர்கள் இதையெல்லாம் பார்த்துப் பதறுகிறார்கள். இதில் பதற ஒன்றுமில்லை. ஆனால் அவர்களே, கிண்ணம் நிறைய விதை இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போகும் இரவில், கூண்டுக்குள் பறவை பட்டினி கிடக்கலாம். பறவையின் தீனியை நம் கண்ணாலும் நம் நாக்காலும் அளப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

நிறைந்த கிண்ணத்தை நம்புவது

லவ் பேர்ட்ஸ், காக்கடீல், பிஞ்ச், கேனரி எதுவும் விதையை அப்படியே விழுங்காது. அலகில் வைத்து உருட்டி, உமியை உரித்து, உள்ளே இருக்கும் பருப்பை மட்டும் தின்னும். உமி கிண்ணத்திலேயே விழும். இரண்டு நாளில் மேற்பரப்பு முழுக்க உமியாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் தீனி தொடப்படாதது போலவே இருக்கும். ஒரு லவ் பேர்ட்ஸின் எடை ஏறக்குறைய 30 முதல் 40 கிராம்தான். அவ்வளவு சிறிய உடலில் பட்டினியைத் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு கிடையாது. ஓரிரு நாள் தீனியில்லாமல் போனாலே உயிருக்கு ஆபத்து. தினமும் காலையில் கிண்ணத்தை ஊதிப் பாருங்கள், அல்லது பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

விதையிலிருந்து பெல்லட் தீவனத்துக்கு (சத்துகளைக் கலந்து செய்த உருண்டைத் தீவனம்) மாற்றும்போதும் இதே தவறு நடக்கிறது. "பசித்தால் தானாகத் தின்னும்" என்று சொல்லி, விதையை ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள். விதை தின்றே வளர்ந்த பறவைக்குப் பெல்லட் என்பது தீனி என்றே தெரியாது. கிண்ணத்தின் அருகே போகும், அலகால் தள்ளும், திரும்பிவிடும். வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டு, சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். அந்த நாட்களில் கிராம் கணக்கில் காட்டும் எடைக்கருவி ஒன்று கட்டாயம் தேவை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மாற்றத்தை நிறுத்திவிட்டுப் பழைய தீனியைக் கொடுத்து, மருத்துவரைப் பார்க்க வேண்டும். எச்சத்தையும் கவனியுங்கள். தின்னாத பறவையின் எச்சம் அளவில் குறையும், கரும்பச்சையாக மாறும். பறவைகள் நோயை மறைப்பதில் வல்லவை, எச்சம் மறைக்காது.

விரும்பித் தின்பதே சத்து என்று நினைப்பது

கலவை விதையைப் போட்டால் கிளி சூரியகாந்தி விதையைத்தான் முதலில் பொறுக்கும். அதில் கொழுப்பு அதிகம். காட்டில் நாள் முழுக்கப் பறந்து தேடும் பறவைக்கு அது பெரிய வரம். கூண்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அது ஈரலில் கொழுப்பாகப் படிகிறது. விதை மட்டுமே தின்னும் கிளிகளுக்கு வைட்டமின் ஏ, கால்சியம் இரண்டும் பற்றாமல் போகும். வைட்டமின் ஏ குறைந்தால் வாய்க்குள் வெள்ளைப் படிவங்கள் தோன்றும், மூச்சுப்பாதையில் தொற்று எளிதாகப் பிடிக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்குக் கால்சியம் குறைந்தால் வலிப்பே வரும். கரும்பச்சைக் கீரைகள், கேரட், சர்க்கரைவள்ளி, குடைமிளகாய் போன்றவை கிளியின் கண்ணில் தினமும் பட வேண்டும். ஒருமுறை வைத்துத் தொடவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பழகப் பல வாரம் ஆகலாம்.

கோழிக்கும் இதே கதைதான். இதற்கான மிகச் சிறந்த சான்று மருத்துவ வரலாற்றிலேயே இருக்கிறது. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அன்று படேவியா எனப்பட்ட ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், நரம்பைத் தாக்கிக் கைகால்களைத் தளரவைக்கும் பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழத் தொடங்கின. சில மாதங்கள் கழித்து, எந்த மருந்தும் இல்லாமல் எழுந்து நடந்தன. விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இடையில் கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றைப் போட்டிருக்கிறார்கள். பிறகு வந்த சமையற்காரர் இராணுவ அரிசியைக் கோழிக்குத் தர மாட்டேன் என்று மறுத்ததால், மீண்டும் தீட்டாத அரிசி போடப்பட்டிருக்கிறது. தவிட்டோடு போனது எது என்பது எய்க்மானுக்கே முதலில் விளங்கவில்லை. மாவுச்சத்தில் ஏதோ நஞ்சு இருப்பதாகத்தான் நினைத்தார். அது வைட்டமின் பி1 என்பது பின்னால் வந்தவர்கள் கண்டது. ஆனாலும் அந்தக் கோழிகள் காட்டிய வழிக்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்தக் கோழிகள் வயிறு நிறையத்தான் தின்றன என்பதைக் கவனியுங்கள். மிச்ச மீதியும் ரொட்டித் துண்டும் கோழி ஓடிவந்து தின்னும், தின்றதும் வயிறு அடைத்துவிடும், சமச்சீர் தீவனத்துக்கு இடமிருக்காது. இப்படிப்பட்ட கூடுதல் தீனி எல்லாம் சேர்ந்து ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

கல்லும் ஓடும்

பல் இல்லாத கோழி, விழுங்கியதை அரைவைப்பையில் சிறு கற்களைக் கொண்டு அரைக்கிறது. மண் தரையில் மேயும் கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். அடைத்து வைத்து முழுத் தானியம் கொடுப்பவர்கள் கரையாத சிறு கல்லைத் தனியாக வைக்க வேண்டும். விதையை முழுதாக விழுங்கும் புறாவுக்கும் அப்படியே. உமி உரித்துத் தின்னும் கிளிகளுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. உடல்நிலை சரியில்லாத கிளி கல்லை அளவுமீறித் தின்று குடல் அடைத்துக்கொள்வதும் உண்டு. எல்லாப் பறவைக்கும் கல் வேண்டும் என்று கூண்டில் கொட்டுவது நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல்.

சிப்பி ஓடு வேறு. அது அரைக்க உதவாது, கரைந்து கால்சியமாகும். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு உருவாக 20 மணி நேரம் அளவுக்குப் பிடிக்கும், அதில் பெரும்பகுதி இரவில் நடக்கும். அதனால்தான் முட்டையிடும் பெட்டை அந்தி நேரத்தில் கால்சியத்தைத் தேடித் தின்கிறது. கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். சிப்பி ஓட்டைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்பட்டது மட்டும் எடுத்துக்கொள்ளும். சேவலும் குஞ்சும் வேண்டாமலேயே கால்சியத்தை விழுங்கும் நிலையும் வராது. முட்டைக்கோழிக்கான லேயர் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்கும். குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். "எல்லாம் கோழித் தீவனம்தானே" என்று ஒரே மூட்டையிலிருந்து குஞ்சுகளுக்கும் போட்டால் அவற்றின் சிறுநீரகம் கெடும்.

கோழி தன் முட்டையையே தின்பது பலரை அருவருக்க வைக்கிறது. பெரும்பாலும் ஓடு மெலிந்து உடைந்த ஒரு முட்டையில்தான் அது தொடங்குகிறது. ருசி கண்டபின் நல்ல முட்டையையும் கொத்தும். கால்சியத்தைச் சரிசெய்யுங்கள், முட்டையிடும் இடத்தை மங்கலான வெளிச்சத்தில் வையுங்கள், முட்டையை அடிக்கடி எடுத்துவிடுங்கள். முட்டையோட்டைத் திருப்பிக் கொடுப்பதில் தவறில்லை. நன்றாக உலர்த்தி, முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிக் கொடுக்க வேண்டும். இறகைப் பிடுங்கித் தின்றால் முதலில் புரதம் போதுமா, இடம் போதுமா என்று பாருங்கள். ரத்தம் தெரியும் கோழியை உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை கொத்துவதை நிறுத்தாது.

ஆகாததைப் பறவை தொடாது என்ற நம்பிக்கை

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். பறவையின் நாக்கு நம் நாக்கு இல்லை. நமக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும் சுவை மொட்டுகள் கோழிக்குச் சில நூறுதான். இனிப்பை உணர்வதற்கான மரபணுவே அதற்கு இல்லை. மிளகாயின் காரமும் பறவைகளுக்கு உறைக்காது. காரத்தை உணரும் நம்முடைய ஏற்பி (உணர்வைப் பிடிக்கும் புரதம்) பறவையிடமும் இருக்கிறது, ஆனால் காரப்பொருள் அதைத் தூண்டுவதில்லை என்று ஆய்வாளர்கள் ஜோர்ட், ஜூலியஸ் இருவரும் 2002-இல் காட்டினார்கள். மிளகாய்ச் செடிக்கு இதில் லாபம் உண்டு: விதையை மென்று அழிக்கும் எலி விலகிவிடும், முழுதாகக் கொண்டுபோய்ப் பரப்பும் பறவை தங்கும். ஆகவே கிளி பச்சைமிளகாயைக் கடித்தால் பிடுங்க வேண்டாம்.

பிடுங்க வேண்டியவை வேறு. அவகாடோவில் உள்ள பெர்சின் என்ற நஞ்சு பறவையின் இதயத்தைத் தாக்கும். லவ் பேர்ட்ஸும் கேனரியும் மிகச் சிறிய அளவிலேயே இறந்துபோகலாம். சாக்லேட், காப்பி, மது, உப்பு மிகுந்த நொறுக்குத்தீனி, வெங்காயம், ஆப்பிள் விதை, பச்சை பிடித்த உருளைக்கிழங்கு, வேகாத ராஜ்மா எதுவும் கூடாது. பூஞ்சை பிடித்த தானியத்தை "கோழிதானே" என்று கொட்டுபவர்கள் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைக் கொட்டுகிறார்கள். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்கு இல்லை. கிளிக்கு நம் வாயிலிருந்து ஊட்டுவதும் வேண்டாம். நம் எச்சிலில் உள்ள கிருமிகள் அதற்கு நோய் தரும்.

உணவே இல்லாதவற்றையும் பறவை தின்னும். தெர்மாகோலைக் கண்டால் கோழிகள் கூட்டமாகக் கொத்தித் தீர்த்துவிடும். ஆணி, ஸ்டேப்ளர் பின், கம்பித் துண்டு என்று மின்னும் எதுவும் உள்ளே போகும். துத்தநாகம் பூசிய மலிவான கூண்டுக் கம்பியைக் கிளி நாள் முழுக்கக் கடித்துக்கொண்டிருந்தால் துத்தநாக நஞ்சு ஏறும். கூண்டு வாங்கும்போது அழகைவிடக் கம்பியைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு பறவைகளைச் சொல்லிவிட வேண்டும். மலை மைனாவுக்கு உடலில் இரும்புச்சத்து சேர்ந்து ஈரல் கெடும். இரும்பு குறைந்த தீவனம் தேவை, ஆரஞ்சு வகைப் பழங்கள் இரும்பை மேலும் உறிஞ்ச வைக்கும். லோரி கிளியின் நாக்கு தேனும் மகரந்தமும் துடைத்தெடுக்கும் தூரிகை. அதற்கு விதை ஏற்றதல்ல.

மேயவிட்ட கோழி

எலியைத் தின்பது இயல்பு என்றேன். நஞ்சு வைத்த வீட்டில் அது இயல்பாக முடியாது. எலிமருந்து தின்ற எலியைத் தின்றால் கோழிக்கும் அந்த நஞ்சு போகும். எலிமருந்து, மேயும் கோழி இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். புழு நல்ல தீனி, ஆனால் செத்த விலங்கின் உடலில் நெளியும் புழு மரணம். அதில் பொட்டுலிசம் நஞ்சு சேர்ந்திருக்கலாம். தின்ற கோழியின் கழுத்து துவண்டு தொங்கும். செத்தது எதுவானாலும் உடனே அப்புறப்படுத்துங்கள்.

கூட்டத்தில் யார் முதலில் தின்பது என்பதற்கும் வரிசை இருக்கிறது. நார்வே நாட்டு விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் இந்தக் கொத்தும் வரிசையை விவரித்தார். ஒரே ஒரு தீவனத் தட்டு வைத்தால் கடைசி இடத்தில் இருக்கும் பெட்டை அருகிலேயே வர முடியாது. ஒன்றையொன்று பார்க்க முடியாத இடங்களில் இரண்டு மூன்று தட்டுகள் வையுங்கள், தண்ணீரும் அப்படியே.

யார் தின்றார்கள் என்பதைத் தீனிப்பை சொல்லிவிடும். அடையும் நேரத்தில் மார்புக்கு மேலே, கழுத்தின் அடியில் தொட்டால் புடைத்திருக்க வேண்டும். மறுநாள் விடிந்ததும், தீவனம் போடுவதற்கு முன், காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கெட்டியாக இருந்தால் நீளப் புல்லோ கயிறோ அடைத்திருக்கலாம். தண்ணீர்ப் பை போல் ஆடி, புளித்த வாடை வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தலைகீழாகப் பிடித்துக் கக்கவைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். வெளிவரும் நீர் மூச்சுக்குழலுக்குள் போய்க் கோழி கையிலேயே மூச்சடைத்து இறந்துபோகலாம். தீனியை நிறுத்தி, குடிக்கத் தண்ணீர் மட்டும் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.