ஏற்காடு ஏறும் கேரவனுக்கு எந்த கேஸ் கீசர்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் வண்டியை நிறுத்தினால், விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தொடவே முடியாது, கேஸ் கீசர் வேண்டும்தான். ஆனால் வீட்டுக் குளியலறையில் மாட்டுகிற சாதாரண கீசர் வேண்டவே வேண்டாம்: அது வண்டிக்குள் இருக்கும் காற்றையே இழுத்து எரியும், அதில் வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. வெளிக்காற்றை இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடுகிற மூடிய வகையை வாங்குங்கள்.

அப்புறம், தண்ணீரைத் தேக்கி வைத்துச் சூடாக்கும் தொட்டி வகையா, ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்டா? வண்டியின் தண்ணீர் பம்பில் அழுத்தம் போதாவிட்டால் இன்ஸ்டன்டில் தீயே பற்றாது. 10 லிட்டர் தொட்டி என்றால் ஒருவர் குளித்தபின் அடுத்தவர் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டியதும் ரெகுலேட்டர் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழ் வந்தால் கசிவு.