ஒருவரை இன்னொரு படத்தில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழுப் படம் எடுத்த நாளில் வர இயலாமற்போன ஒருவரை வேறொரு படத்திலிருந்து எடுத்துச் சேர்க்க விரும்புவோர், பெரும்பாலும் முழுக் கவனத்தையும் வெட்டும் வேலையிலேயே செலவிடுகின்றனர். விளிம்பு மயிரிழை பிசகாமல் அமைந்த பிறகும் அவர் மட்டும் ஒட்டிவைத்தாற்போல் தெரிகிறார் என்றால், தவறு வெட்டியதில் இல்லை. பொருந்தாத படத்தைத் தேர்ந்தெடுத்தபோதே அது நிகழ்ந்துவிட்டது.

முதலில் பார்க்க வேண்டியது ஒளி. மற்றவர்களின் மூக்கு நிழல் இடக் கன்னத்திலும் புதியவருக்கு வலக் கன்னத்திலும் விழுந்தால், பிறகு அதைச் சீராக்குவது பெரும்பாடு. படத்தை இடவலமாகத் திருப்பிவிடலாம் என்று உடனே தோன்றும். ஆனால் அப்போது சட்டையிலுள்ள எழுத்துகள் புரண்டுபோகும், பொத்தான்கள் பக்கம் மாறும், தலைவகிடு மறுபுறம் சென்றுவிடும், அவரை நன்கறிந்தவர்களுக்கு முகமே சற்று அந்நியமாகப்படும். உச்சிவெயிலில் எடுத்த முகத்தை மேகமூட்டத்தில் எடுத்த படத்தில் வைப்பதும் இத்தகைய பிழையே. மென்மையான ஒளியில் எடுத்த முகத்தில் நிழலைக் கூட்டலாம். ஏற்கெனவே அழுத்தமாக விழுந்த நிழலை அழிப்பது அதைவிடக் கடினம்.

அடுத்தது கண்மட்டம். அளவைக் கண்ணால் உத்தேசித்து வைப்பதே மிகப் பரவலான தவறு என்பது என் கருத்து. சமதரையில், நிற்பவரின் கண் உயரத்தில் கேமராவைப் பிடித்து எடுத்த படத்தில், ஏறத்தாழ ஒரே உயரமுள்ளவர்கள் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் அடிவானக் கோடு அனைவரின் கண்களையும் ஒட்டியே செல்லும். கேமராவைத் தாழ்த்திப் பிடித்திருந்தால் அக்கோடு அனைவரின் மார்பையோ இடுப்பையோ கடக்கும். புதியவரையும் அக்கோடு அதே இடத்தில் கடக்கும்படி பெரிதாக்கியோ சிறிதாக்கியோ வைத்தால் அளவு தானாகப் பொருந்தும். கையெட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபிக்கு மட்டும் இது உதவாது. அதில் மூக்கு பெரிதாகவும் காதுகள் ஒடுங்கியும் இருக்கும். சில மீட்டர் தள்ளி எடுத்த குழுப் படத்தோடு அம்முகம் எவ்வளவு சுருக்கினாலும் சேராது.

வெட்டும்போது அழிப்பானால் பின்னணியை நிரந்தரமாக அழித்துவிடுவதைத் தவிர்த்து, லேயர் மாஸ்க்கைப் (லேயர் எனப்படும் பட அடுக்கின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரையை) பயன்படுத்த வேண்டும்; மறைத்ததைத் தேவைப்பட்டால் மீட்கலாம். விளிம்பு முழுவதற்கும் ஒரே அளவில் ஃபெதர், அதாவது விளிம்பை மென்மையாக்கும் மங்கல், கொடுப்பதும் தவறு, ஏனெனில் சட்டைத் தோளின் விளிம்பு கூர்மையாகவும் முடியின் விளிம்பு மென்மையாகவும் இருப்பதே இயல்பு. பழைய பின்னணியின் வெளிர்க்கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மாஸ்க்கை ஓரிரு பிக்சல் உள்ளே இழுத்தால் போதும்.

நிறத்தைப் பொறுத்தவரை, ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் அலகில் (எண் குறைந்தால் மஞ்சள் கூடும்) மஞ்சள் விளக்கின் ஒளி ஏறத்தாழ 3000 கெல்வின், பகல்வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின் என்பதால், வீட்டுக்குள் எடுத்த படத்திலுள்ளவர் வெளியில் எடுத்த படத்தில் வந்து நிற்கும்போது மஞ்சள் பூசியவராகத் தெரிவார். நிறத்தைத் தொடுவதற்கு முன் மேலே ஒரு கருப்பு வெள்ளை அட்ஜஸ்ட்மென்ட் லேயரை (கீழுள்ள படத்தை மாற்றாமல் தோற்றத்தை மட்டும் மாற்றும் அடுக்கை) இட்டு, இருவரின் கருமையும் வெண்மையும் ஒத்துள்ளனவா என்று பார்ப்பது நல்லது. வெளிச்ச வேறுபாட்டை நிற வேறுபாடு என்று தவறாக எண்ணி மணிக்கணக்கில் போராடுவோர் உண்டு.

நிழலுக்கு டிராப் ஷேடோ என்னும் ஆயத்த வசதியை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அது சுவரில் ஒட்டிய காகிதத்துக்குப் பொருந்துமே தவிர, தரையில் நிற்பவருக்குப் பொருந்தாது. செருப்பு தரையைத் தொடும் இடத்தில் மெல்லிய, அடர்ந்த நிழல் வேண்டும். அங்கிருந்து மற்றவர்களின் நிழல் சாயும் திசையிலேயே, விலக விலக மங்கிச் செல்லும் நீள்நிழல் வேண்டும். இதைத் தனி லேயரில் வரைந்து கீழுள்ள படத்தை இருளாக்கிக் கலக்கும் மல்டிப்ளை முறையில் கலப்பது வழக்கம்.

சிறிய படத்திலிருந்து எடுத்தவரை நான்கு மடங்கு பெரிதாக்கினால் அவர் மட்டும் மங்கலாகவே இருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாறாக, குறைந்த வெளிச்சத்தில் எடுத்த, புள்ளி புள்ளியாக நாய்ஸ் நிறைந்த படத்தில் துல்லியமான ஒருவர் வந்து நின்றாலும் கண்ணை உறுத்தும். படத்தை 100 விழுக்காட்டு அளவில் பார்த்து, அவர்மீது மட்டும் சிறிது நாய்ஸ் சேர்க்க வேண்டும். தானியங்கிக் கருவிகளிடம் இவ்வேலையை ஒப்படைத்தால், அவை முகத்தையே சற்று மாற்றி வரைந்துவிடக்கூடும் என்பதால், மூலப் படத்தோடு கண், பல், மச்சம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்த களிப்பில் ஜேபெக்காக மட்டும் சேமித்துவிட்டு மூடிவிட வேண்டாம். ஜேபெக்கில் லேயர்கள் தங்குவதில்லை. லேயர்களைக் காக்கும் கோப்பு வகைகளான போட்டோஷாப்பின் பிஎஸ்டியாகவோ ஜிம்ப் மென்பொருளின் எக்ஸ்சிஎஃப் ஆகவோ ஒரு படியை வைத்திருந்தால், மறுநாள் காலை புதிய கண்ணோடு பார்க்கும்போது தென்படும் நிழல் பிசகை அந்த ஒரு லேயரில் மட்டும் திருத்திக்கொள்ளலாம்.